காதுக்குள் ஒரு மாதச் சம்பளம்

கோலாலம்பூரில் காலை வேளையில் எல்.ஆர்.டி ரயிலில் ஏறுபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. உட்கார்ந்திருப்பவர், நின்றுகொண்டிருப்பவர் என்ற வேறுபாடின்றிப் பலரது காதிலும் இயர்போன் செருகப்பட்டிருக்கும். அவற்றுள் பத்து ரிங்கிட் பொருளும் உண்டு, ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிய பொருளும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. வாங்கிய பிள்ளையின் தாய் தந்தையருக்கு மட்டும் விலை தெரியவந்தால், "பாட்டுக் கேட்க இவ்வளவு காசா?" என்ற கேள்வி உடனே வரும்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் இ.ஆர்.4 எஸ்.ஆர் என்ற இயர்போனை வெளியிட்டது. விலை 349 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 1,400 ரிங்கிட். அதே ஆண்டு ஜூலை மாதம் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஆக, ஒரு தொழிலாளியின் ஒரு மாத உழைப்பைக் காட்டிலும் விலை கூடிய பொருள் ஒன்று காதுக்குள் செருகும் அளவில் கடைக்கு வந்தது. சந்தையில் இதைவிடப் பல மடங்கு விலையுள்ளவையும் உண்டு.

இவ்வளவு பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பொருளை எப்படி எடைபோடுவது? கடைக்காரர் சொல்வதை நம்புவதா, பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்புவதா, நண்பனின் பாராட்டை நம்புவதா? மூன்றையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. முதலில் எடைபோட வேண்டியது வாங்குபவரின் காதைத்தான்.

இங்கே எட்டிமோட்டிக் இயர்போனையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் காரணம் உண்டு. அந்த நிறுவனத்தை 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் தொடங்கியவர் மீட் கில்லியன். இவர் இசைக்கருவி வியாபாரி அல்லர். செவித்திறன் ஆய்வாளர். காது கேளாதோர் அணியும் கருவிகளுக்கு நுண்ணிய ஒலிவாங்கிகளை உருவாக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர். 1980களில் அவருடைய நிறுவனம் மருத்துவமனைகளில் செவித்திறன் சோதனை செய்வதற்கென்று, காதுக்குள் செருகும் ஒலிக்கருவி ஒன்றைத் தயாரித்தது. பாட்டுக் கேட்பதற்கான இ.ஆர்.4 என்ற இயர்போன் 1991இல்தான் வந்தது. காதுக்குள் ஆழமாகச் செருகும் உயர்விலை இயர்போன்களில் மிக முந்தியது இது எனலாம். அந்த வகையில், இன்று ரயிலில் நாம் காணும் பல இயர்போன்களின் மூதாதை பிறந்த இடம் செவிச்சோதனை அறை.

அடைப்பு சரியில்லையென்றால் எதுவும் சரியில்லை

பெரியவர்களின் செவிக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளமுள்ளது. ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனையைச் செவிப்பறை மூடியிருக்கும். புல்லாங்குழலுக்குள் காற்று அதிர்வதைப் போலவே இந்தக் குழாயிலும் காற்று அதிர்கிறது. அதனால் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் அருகேயுள்ள ஒலியை, நமது காது இயல்பாகவே 10 டெசிபெலுக்கும் மேல் கூட்டிக் கேட்கிறது. பிறந்தது முதல் அப்படியே கேட்டுப் பழகிவிட்டதால் அது நமக்குத் தெரிவதில்லை.

இயர்போனைச் செருகியவுடன் திறந்திருந்த முனை அடைபட்டுவிடுகிறது. இயற்கை கொடுத்த அந்தக் கூட்டல் மறைந்துபோகிறது. எனவே நல்ல இயர்போன் என்பது, காது இழந்த அந்தப் பகுதியைத் தானே ஈடுசெய்து கொடுக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால் பாடகர் கதவுக்கு அப்பால் நின்று பாடுவதுபோல் இருக்கும். அதிகமாகக் கொடுத்தால் நாதஸ்வரம் காதைக் குத்தும். விலையுயர்ந்த இயர்போனின் வடிவமைப்பில் பெரும் உழைப்பு செலவாவது இந்த இடத்தில்தான்.

ஆனால் அந்த உழைப்பெல்லாம் வீணாவதற்கு ஒரு சிறு இடைவெளி போதும். ரப்பர் முனைக்கும் செவிக்குழாயின் சுவருக்கும் நடுவே தலைமுடி அளவு சந்து இருந்தால்கூட, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி அதன் வழியே கசிந்து வெளியேறிவிடும். கசிவைப் பொறுத்து 10, 20 டெசிபெல் வரைகூடக் குறையலாம். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொனி காணாமல் போய், வலந்தலையின் 'டக் டக்' மட்டும் மிஞ்சும். கடையில் இப்படிக் கேட்டவர், "இவ்வளவு விலை சொல்றீங்க, சத்தம் தகரம் மாதிரி இருக்கே" என்று சொல்லி எழுந்து வந்துவிடுவார். அவருக்குக் கேட்டது அந்த இயர்போனின் குறையே அல்ல.

இ.ஆர்.4 விஷயத்தில் இது இன்னும் கூடுதலாக நடக்கும். மூன்று அடுக்குக் குடைபோல் இருக்கும் அதன் ரப்பர் முனை, மற்ற இயர்போன்களைவிட ஆழமாக உள்ளே போக வேண்டும். முதன்முறை செருகுபவருக்கு அது கூச்சமாகவும் சங்கடமாகவும் இருக்கும். பலர் பாதி தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சரியான முறை இதுதான்: முனையைச் சற்று ஈரப்படுத்திக்கொண்டு, வலது காதுக்கென்றால் இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வளைந்திருக்கும் செவிக்குழாய் அப்போது நேராகும். பிறகு மெதுவாகத் திருகியபடி உள்ளே செலுத்த வேண்டும். வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். எடுக்கும்போதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. காதில் சீழ், புண் அல்லது செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வகையைத் தொடவே வேண்டாம்.

அடைப்பு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரே சீரான ஒலியை எழுப்பும் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. மிகக் குறைந்த சத்தத்தில் வைத்து 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்க வேண்டும். அது மென்மையான ரீங்காரமாக, தடையில்லாமல், இரண்டு காதிலும் ஒரே அளவில் கேட்டால் அடைப்பு சரி. ஒரு காதில் மட்டும் மெலிந்திருந்தால் அந்தப் பக்க முனையின் அளவை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு முனை பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. வலதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சிறியது என்று அமைவது சாதாரணம். ரப்பர் எதுவும் ஒத்துவராவிட்டால் அழுத்தினால் சுருங்கிப் பிறகு விரியும் நுரை முனை இருக்கிறது. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் எந்த இயர்போனைப் பற்றியும் கருத்துச் சொல்வது, மூக்கடைத்திருக்கும்போது ரசத்தைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

பெட்டியில் உள்ள எண்கள்

உள்ளே எத்தனை ஒலி உறுப்புகள் இருக்கின்றன என்பது இப்போது பெரிய விளம்பரமாகிவிட்டது. நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. இ.ஆர்.4 எஸ்.ஆரில் ஒரு காதுக்கு ஒன்றே ஒன்றுதான். காது கேட்கும் கருவிகளில் பயன்படும் வகை அது. இரு காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய இரும்பு நாக்கு அசையும், அந்த அசைவு ஒரு ஊசி வழியாகச் சிறு படலத்துக்குப் போய் ஒலியாகும். மற்ற வகை, ஒலிபெருக்கியின் குட்டி வடிவம்: கம்பிச் சுருளும் அதனோடு ஒட்டிய படலமும். இரண்டிலும் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. பல உறுப்புகளை ஒன்றாகச் சேர்க்கும்போது ஒன்றின் ஒலி முடியும் இடத்தில் மற்றொன்று பிசிறில்லாமல் தொடங்க வேண்டும். அது திறமையான வடிவமைப்பாளருக்கே கைகூடும். கல்யாணப் பந்தலில் எட்டுத் தவில் வைத்தால் கச்சேரி எட்டு மடங்கு இனித்துவிடாது.

'20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரியும் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். பத்து ரிங்கிட் பொருளிலும் இருக்கும். எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அந்த வரிக்குப் பொருள் இல்லை. இடதும் வலதும் எவ்வளவு நெருக்கமாக ஒத்திருக்கின்றன என்பதுதான் உண்மையில் பயனுள்ள தகவல். அதை எழுதிக் கொடுக்கும் தயாரிப்பாளர்கள் குறைவு. இ.ஆர்.4 எஸ்.ஆர் பெட்டிக்குள் இரு பக்கமும் பொருந்துகின்றன என்பதற்கான சான்றிதழ் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். கொடுக்கும் விலையில் ஒரு பகுதிக்கு இது நியாயமான பதில்.

சரி, விலை கூடினால் ஒலியும் கூடுமா? 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டு அமெரிக்க ஒலியியல் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். தலையில் மாட்டுபவையும் காதுக்குள் செருகுபவையும் அதில் அடக்கம். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற அளவீட்டுக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார். விலையுயர்ந்தவை எல்லாம் ஏமாற்று என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நீடித்து உழைக்கும் கட்டமைப்பு, கழற்றி மாற்றக்கூடிய கம்பி, உதிரிப் பாகம், இரு பக்கப் பொருத்தம் ஆகியவற்றுக்கும் பணம் போகிறது. ஆனால் விலைச்சீட்டைப் பார்த்து ஒலியின் தரத்தை ஊகிக்க முடியாது என்பது உறுதி.

எந்தப் பாட்டைக் கேட்பது?

கடைக்காரர்கள் தயாராக வைத்திருக்கும் பாட்டு, பெரும்பாலும் அந்தக் கருவியின் பலத்தைக் காட்டுவதாகவே இருக்கும். வாங்குபவர் தமக்கு மனப்பாடமான பாட்டுகளைத் தமது கைப்பேசியிலேயே கொண்டுபோவது நல்லது. நாலைந்து போதும்.

முதலாவது, மனிதக் குரல். நாம் அன்றாடம் கேட்பது அதுதான் என்பதால் அதில் சிறு கோளாறு நுழைந்தாலும் நமக்குத் தெரிந்துவிடும். 1993இல் வந்த 'திருடா திருடா' படத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில், வாத்தியங்களை ஒதுக்கிக் குரல்களைக் கொண்டே அமைத்த பாடல் ஒன்றை ஷாகுல் ஹமீது பாடியிருக்கிறார். சோதனைக்கு அது மிகப் பொருத்தம். பின்னால் வரும் குழுவின் குரல்கள் ஒரே கூழாகக் கேட்கின்றனவா, அல்லது ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கின்றனவா என்று கவனிக்கலாம். முன்னணிக் குரல் தலைக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஒன்று அடைப்பில் குறை, அல்லது இயர்போனில் குறை, அல்லது காதிலேயே குறை.

இரண்டாவது, தோல் வாத்தியம். மிருதங்கமோ நமது திருவிழாக்களில் முழங்கும் உறுமி மேளமோ எதுவானாலும் சரி. உறுமியில் குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த ஏறி இறங்கும் முனகல் நல்ல சோதனை. பேஸை மிகையாகக் கூட்டிய இயர்போனில் அது வெறும் 'தொம் தொம்' என்று வீங்கி, தேய்ப்பின் சொரசொரப்பு அடங்கிவிடும். மூன்றாவது நாதஸ்வரம். சத்தத்தைச் சற்றுக் கூட்டினாலே கண்ணைச் சுருக்க வைத்தால், 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் மிகை இருக்கிறது என்று அறியலாம். நான்காவது ஜால்ரா. அதன் 'கிணிங்' ஒலி மெல்லத் தேய்ந்து மறைவது கேட்க வேண்டும். வெறும் 'ஸ்ஸ்' என்று சீறினால் நல்லதல்ல. 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போன்ற வாத்திய இசைத் தொகுப்பு கைவசம் இருந்தால், வயலின்களின் அடுக்கைக் கேட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

இந்தச் சோதனையில் இ.ஆர்.4 எஸ்.ஆர் எப்படி நிற்கிறது? குரலிலும் வயலினிலும் அதன் தெளிவு முதல் தரம். ஒலிப்பதிவில் இருக்கும் குறைகூட மறையாமல் வெளியே வரும். பாடகர் மூச்சிழுப்பது, தாள் புரட்டுவது எல்லாம் கேட்கும். ஆனால் பேஸ் அடக்கமானது. பதிவில் உள்ளவாறே கொடுப்பது என்பது அதன் கொள்கை. அதிரும் பாட்டுகளை விரும்பும் இளைஞர்களுக்கு அது வறட்சியாகத் தோன்றலாம். அதே நிறுவனம் பேஸைச் சற்றுக் கூட்டி எக்ஸ்.ஆர் என்ற இன்னொரு வடிவத்தையும் வெளியிட்டதிலிருந்தே இந்த மனக்குறை பலருக்கு இருந்தது தெரிகிறது. மேலும் நடக்கும்போது கம்பி சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் 'டம் டம்' என்று கேட்கும். ஆழமாக அடைப்பதற்குக் கொடுக்கும் விலை அது. கம்பியைச் சட்டையில் கவ்விப் பிடிக்கும் கிளிப்பை மாட்டினால் ஓரளவு குறையும்.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது, இதில் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். ஒரே கைப்பேசியில், ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றிச் செருகினால் இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்காது. ஒவ்வொன்றின் உணர்திறனும் வேறு. இ.ஆர்.4 எஸ்.ஆர் சற்று அடங்கியே ஒலிக்கும் இனம். மனிதக் காதோ சத்தம் கூடும்போது தாழ்ந்த ஒலியை அதிகமாக உணரும். இதை அமெரிக்காவின் பிளெட்சர், மன்சன் ஆகிய இருவர் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். எனவே ஒன்றிரண்டு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது, "இதுதான் நிறைவாக இருக்கிறது" என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும். ஒப்பிடும்போதெல்லாம் ஒரே குரலை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்திக்கொண்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். முடிந்தால் விலையைக் கேட்காமலேயே முதலில் கேட்டுப் பார்க்கலாம். விலை தெரிந்த பிறகு காது நடுநிலையில் இருப்பது கடினம்.

"நூறு மணி நேரம் ஓடவிட்டால் சத்தம் இனிமையாகும்" என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் பழகுவது கேட்பவரின் மனம்தான். அந்த நூறு மணி நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்திருக்கலாம்.

அப்பாவுக்குக் கேட்காத ஜால்ரா

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகன் முதல் சம்பளத்தில் இப்படி ஓர் இயர்போன் வாங்கி வருகிறான். அப்பா செம்பனை ஆலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்திப் பாடல் ஒன்றைப் போட்டு அவர் காதில் மாட்டுகிறான்.

"அப்பா, கேட்டுப் பாருங்கப்பா. ஜால்ரா எவ்வளவு தெளிவா விழுது பாருங்க."

"பாட்டு நல்லாதான் இருக்கு. ஜால்ரா எங்கடா?"

மகன் முனையைச் சரிசெய்கிறான். சத்தத்தைக் கூட்டுகிறான். அப்பா மீண்டும் தலையை ஆட்டுகிறார், "இல்லப்பா" என்பதுபோல.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நம் குடும்பங்களில் நடக்கக்கூடாதது அல்ல. ஆண்டுக்கணக்கில் இயந்திர இரைச்சலில் நின்றவர்களுக்கு முதலில் பழுதாவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. செவித்திறன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பேச்சு கேட்கும், ஆனால் சொற்கள் தெளிவாக இரா. பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் பிடிபடாது. ஜால்ராவின் கணகணப்பு போயே போய்விடும். உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை இறந்தால் மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. 1,400 ரிங்கிட் என்ன, 14,000 ரிங்கிட் இயர்போனாலும் அந்த ஜால்ராவைத் திருப்பித் தர முடியாது.

தொழிற்கூடங்களுக்குச் சட்டம் வந்திருக்கிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்கு 85 டெசிபெல் என்பதே எல்லை. அதற்கு முன்னிருந்த 1989ஆம் ஆண்டு விதியில் அது 90 ஆக இருந்தது. அப்பா தலைமுறையின் காது அந்தப் பழைய எல்லையில் உழைத்த காது. மகனின் காதுக்கோ எல்லை வகுக்க மேற்பார்வையாளர் எவரும் இல்லை. அவன் கட்டைவிரல்தான் எல்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கமும் சேர்ந்து 2018இல் கேட்கும் கருவிகளுக்கு ஓர் அளவுகோலை வெளியிட்டன. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரம், 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதாவது 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி. வேலைக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் பத்து மணி நேரம் ஆகிறது. வேறெங்கும் பாட்டே கேட்காதவர் என்றாலும் அவருக்கு 86 டெசிபெலோடு கணக்கு முடிந்தது.

காதை நன்றாக அடைக்கும் இயர்போனுக்குப் பரிந்து பேசத்தக்க பலமான வாதம் இங்கேதான் இருக்கிறது. ரயில் இரைச்சலை உள்ளே விடும் இயர்போனில் பாட்டுக் கேட்பவர், இரைச்சலுக்கு மேலே பாட்டைத் தூக்கி நிறுத்துகிறார். தமக்கே தெரியாமல் 90ஐ எட்டிவிடுகிறார். இ.ஆர்.4 போன்று ஆழமாக அடைப்பவை வெளிச்சத்தத்தை 30 டெசிபெலுக்கு மேல் குறைத்துவிடும். அப்போது வீட்டில் இரவு வேளையில் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்தாலே ரயிலிலும் எல்லாம் கேட்கும். ஆனால் அடைத்துக்கொண்டு பழையபடியே சத்தத்தையும் ஏற்றினால் பயன் ஒன்றுமில்லை. சாலையைக் கடக்கும்போதும் மோட்டார் சைக்கிளிலும் இத்தகைய இயர்போனைக் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹாரன் சத்தமும் சேர்ந்தே குறையும்.

நல்ல அடைப்புக்கு ஆயிரம் ரிங்கிட் கட்டாயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு, நூற்றைம்பது ரிங்கிட் இயர்போன் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால், முதலில் காதுக்குப் பொருந்தும் முனைகளை மட்டும் வாங்கி மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். அதிலேயே பலருக்கு மனநிறைவு வந்துவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர், மேடைப் பாடகர், இசை பயிலும் மாணவர் ஆகியோருக்கு இ.ஆர்.4 போன்றவை தொழில் கருவி. மற்றவர்களுக்கு அது ஆசை. ஆசைப்படுவதில் தவறில்லை, ஆசை என்று தெரிந்து வாங்கினால் சரி.

வாங்கிய பிறகு பராமரிப்பும் உண்டு. நமது வெப்பமும் ஈரமும் கலந்த நாட்டில், வியர்வையோடு முனைகளைக் காதிலேயே விட்டுவைப்பது தொற்றுக்கு அழைப்பு விடுவதாகும். முனைகளைக் கழற்றி வாரம் ஒருமுறையாவது மென்மையான சவர்க்காரத்தில் கழுவி முழுதாகக் காய வைக்க வேண்டும். ஒருவர் முனையை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. கடையில் சோதிக்கும்போதும் புதிய முனையைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ஒரு பக்கம் திடீரென்று சத்தம் குறைந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. வாயில் இருக்கும் சிறு வடிகட்டியில் காதழுக்கு அடைத்திருக்கும். அதை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காது கேட்கும் கருவியிலிருந்து இயர்போன் பிறந்தது. இப்போது அது பிறந்த வீட்டுக்கே திரும்புகிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு கம்பியில்லா இயர்போனை, ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2ஐ, மிதமான செவிக்குறை உள்ள பெரியவர்களுக்குக் காது கேட்கும் கருவியாகச் செயல்பட வைக்கும் மென்பொருளுக்கு அனுமதி வழங்கியது. அதன் பயனரே செவித்திறன் சோதனையையும் செய்துகொள்ளலாம். அந்த அப்பாவைப் போன்றவர்களுக்கு எதிர்காலத்தில் இது உதவக்கூடும். ஆனால் அவருக்கு இப்போது தேவை மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒரு முறையான சோதனை. ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, மெல்லிய குழாயோடு கூடிய மஞ்சள் நிற நுரை முனையைக் காதுக்குள் செருகுவார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கில்லியனின் நிறுவனம் 1980களில் செய்த கருவியின் வழிவந்த முறை அது. புது இயர்போனைத் தேடிக் கடைக்குப் போவதற்கு முன், மகனும் அப்பாவுடன் போய் அந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஜால்ரா எங்கே போனது என்று தெரிந்துவிடும்.